முதிர்ந்த வளவு மரங்களைப் பராமரிக்கும் முறை: நிறையப் பாருங்கள், குறைவாக வெட்டுங்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வளவுகளில் நிற்கும் பெரிய மரங்களில் சில 1978 நவம்பர் சூறாவளிக்குத் தப்பியவை. பல, அதற்குப் பிறகு வெறுமையாய்க் கிடந்த வளவுகளில் நட்டவை. அப்படி நட்டவற்றுக்கே இப்போது 40 வயதுக்கு மேல். மா, பலா, வேம்பு, புளி, விளா போன்ற கிளைவிடும் மரங்களுக்கான செய்முறை இது. தென்னைக்குக் கணக்கு வேறு. அது கடைசியில் வருகிறது.

இளமரம் ஒரு வெட்டுக்காயத்தைச் சில பருவங்களிலேயே மூடிவிடும். முதிய மரம் அப்படியல்ல. இலைகள் ஆக்கும் உணவில் பெரும்பங்கு பருத்த உடலைத் தாங்கவே போய்விடும். காயத்தை மூடவும் புது வேர் விடவும் மிஞ்சுவது கொஞ்சம். எந்த வேலையைத் தொடங்குமுன்னும் இதை நினைவில் வைத்திருங்கள்.

தேவையானவை

நூலில் கட்டிய தூக்குக்குண்டு, மரச்சுத்தியல், 2 அடி நீள மெல்லிய இரும்புக் கம்பி, கூரான கைவாள், வாளைத் துடைக்க ஸ்பிரிட், குறித்து வைக்க ஒரு கொப்பி.

படி 1: அடியிலிருந்து நுனிவரை பாருங்கள்

ஓகஸ்ட் கடைசியிலோ செப்ரெம்பரிலோ, மாரி தொடங்குமுன் ஒரு காலைநேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். வடகீழ்ப் பருவக்காற்றில் மண் ஊறியபின் மரத்தின் பிடி தளரும். குறையைக் கண்டுபிடிக்க வேண்டியது அதற்கு முன்.

முதலில் சாய்வு. ஒரே இடத்தில் நின்று, கையை நீட்டித் தூக்குக்குண்டு நூலைப் பிடித்து, தண்டை அதனோடு ஒப்பிட்டுப் படம் எடுத்து வையுங்கள். சிறுவயதிலேயே சாய்ந்த மரம், நுனியை மேல்நோக்கி வளைத்துத் தன்னைச் சரிசெய்திருக்கும். அந்தச் சாய்வு பெரும்பாலும் ஆபத்தில்லை. போன வருடப் படத்தைவிட இம்முறை சாய்வு கூடியிருந்தாலோ, சாய்வுக்கு எதிர்ப்பக்க மண் வெடித்து மேலெழும்பியிருந்தாலோ வேர் விடுபடத் தொடங்கிவிட்டது. அதன் கீழ் யாரையும் விடாதீர்கள். அன்றைக்கே மரம் வெட்டும் ஆளைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது அடித்தண்டு. தரையோடு ஒட்டித் தட்டுப்போல விரியும் கடினமான காளான் இருந்தால் உள்ளே வேரோ தண்டின் மையமோ உக்குகிறது என்று பொருள். காளானைப் பிடுங்கி எறிந்தால் நோய் போகாது. அது வெளியே தெரியும் பகுதி மட்டும்தான்.

மரச்சுத்தியலால் தண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல மரத்தில் சத்தம் இறுக்கமாக வரும், உள்ளே வெறுமையான கோறையில் முழங்கும். பொந்து இருந்தால் கம்பியை உள்ளே விட்டு ஆழத்தை அளந்து குறியுங்கள். கோறை விழுந்த மரமெல்லாம் விழப்போகும் மரமல்ல. பொதுவாகச் சொல்லப்படும் அளவு, உறுதியான சுற்றுச்சுவர் தண்டின் ஆரையில் மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது. 24 அங்குல விட்டமுள்ள மாமரத்துக்கு ஆரை 12 அங்குலம். சுவர் 4 அங்குலமாவது தேவை. பொந்தின் வாய் பெரிதாக இருந்தால் அந்த அளவும் போதாது.

கறையான் புற்றைக் கண்டதும் பதற வேண்டாம். மண்பாதையைத் தடவிக் கழற்றி, பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். அடியில் பச்சையாக, ஈரமாக இருந்தால் கறையான் செத்த வெளிப்பட்டையைத்தான் தின்கிறது. சுரண்டிய இடம் கபிலமாகக் காய்ந்து கிடந்தால் அந்தப் பகுதி ஏற்கனவே இறந்துவிட்டது. எப்படியானாலும் கழிவு ஒயில் ஊற்றாதீர்கள். அது மண்ணுக்குள் இறங்கி வேரைக் கொல்லும்.

படி 2: நிலத்தைச் சரிசெய்யுங்கள்

எங்கள் பகுதியில் முதிய மரங்கள் சாவதற்குப் பெரிய காரணம் பூச்சியல்ல, மரத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் நாம் செய்பவை. உணவெடுக்கும் நுண்வேர்களில் பெரும்பாலானவை மேல் ஒன்றரை அடி மண்ணுக்குள்தான் இருக்கின்றன. அவை கிளை விரிந்த எல்லையையும் தாண்டிப் போகும்.

வெள்ளத்துக்குப் பயந்து வளவை உயர்த்த ஓர் அடி, இரண்டு அடி கிறவல் கொட்டி இறுக்கினால் அந்த வேர்களுக்குக் காற்று போகாது. மரம் உடனே சாகாது. இரண்டு மூன்று வருடம் கழித்து நுனிக்கிளைகள் ஒவ்வொன்றாகக் காயும். அப்போது மருந்து தேடுவார்கள். வளவை உயர்த்தியே ஆக வேண்டுமென்றால் வீட்டைச் சுற்றி மட்டும் உயர்த்தி, கிளை விரிவுக்குள் பழைய மட்டத்தை விடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு வட்டக் கல்கட்டு மட்டும் கட்டினால் தண்டு தப்பும், வேருக்கு மூச்சுமுட்டல்தான்.

மதில் அத்திவாரமும் மலசலகூடக் குழியும் இதேபோலத்தான். 20 அங்குலத் தண்டுள்ள மரத்துக்கு எல்லாப் பக்கமும் 20 அடி தூரம் வெட்டாமல் விடுவது நல்லது. அதாவது ஓர் அங்குல விட்டத்துக்கு ஓர் அடி. இடமில்லையென்றால் தொடர்ச்சியான அத்திவாரத்துக்குப் பதில் தூண் நிறுத்தி, பெருவேர்களுக்கு மேலாகப் பீம் போடச் சொல்லி மேசனிடம் கேளுங்கள்.

வெள்ளை மணல் தெரிய முற்றம் கூட்டி, சருகை மரத்தடியில் குவித்துக் கொளுத்துவது இங்கே அன்றாட வழக்கம். சூட்டில் தண்டின் பட்டை ஒருபக்கம் செத்துப்போகும். வருடங்கள் கழித்து அதே இடத்தில்தான் பொந்து விழும். அந்தச் சருகை எரிக்காமல் கிளை விரிவுக்குள் 3 அங்குலத் தடிப்பில் பரப்புங்கள். தண்டிலிருந்து அரை அடி தள்ளியே இருக்கட்டும். ஒட்டிக் குவித்தால் பட்டை ஈரத்தில் அழுகும். நன்கு மக்கிய மாட்டெருவை மெல்லிய படையாகச் சருகுக்கு அடியில் தூவலாம். கிளறிப் புதைக்க வேண்டாம்.

படி 3: கச்சானில் தண்ணீர்

மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில், நாவற்குடா, ஆரையம்பதி, கல்முனை போன்ற மணல் நிலங்களில் நீர் மேலே நிற்காது. தினமும் ஒரு வாளி ஊற்றுவதால் பயனில்லை. பத்து நாளுக்கொரு தடவை, கிளை விரிவின் வெளிப்பாதியில், மண் ஒன்றரை அடி நனையும்வரை ஹோஸைப் போட்டு மெதுவாக விடுங்கள். ஓரிடத்தில் கையால் தோண்டிப் பார்த்தால் நனைந்த ஆழம் தெரியும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் களிமண் நிலங்களில் இடைவெளியைக் கூட்டலாம்.

இலை விளிம்பு மட்டும் எரிந்தாற்போலக் கபிலமானால் கிணற்றுநீரை வாயில் வைத்துப் பாருங்கள். வாவிக்கும் கடலுக்கும் அருகே கோடையில் கிணறு உவர்க்கும். அப்போது அந்த நீரை விடுவதைவிடச் சருகைத் தடிப்பாக்கிக் காத்திருப்பது நல்லது.

படி 4: வெட்டு

மா காய்த்து முடிந்தபின், மழைக்கு முன். காய்ந்த கிளை எவ்வளவு இருந்தாலும் எடுக்கலாம். பச்சையில் ஒரு வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 4 அங்குலத்துக்கு மேல் தடித்த பச்சைக் கிளையை முழுதாக எடுப்பதைவிட, நுனியை மட்டும் குறையுங்கள். வெட்டும் இடத்தில், கிளையின் தடிப்பில் மூன்றிலொரு பங்காவது உள்ள பக்கக்கிளை ஒன்று இருக்க வேண்டும்.

கிளையை மூன்று வெட்டில் எடுங்கள். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, கீழ்ப்பக்கமாக மூன்றில் ஒன்று அறுங்கள். அதிலிருந்து இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். மிஞ்சிய குட்டையை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்துக்கு வெளியே ஒட்டி அறுங்கள். காயத்தை மூடும் திசு அந்த வளையத்திலிருந்துதான் வளரும். தண்டோடு வழித்து வெட்டினால் வளையமே போய்விடும். நீளமாகக் குட்டை விட்டால் அது காய்ந்து, உக்கல் உள்ளே இறங்க வழியாகும்.

வெட்டிய இடத்தில் தார், பெயின்ற், சாணி எதுவும் பூச வேண்டாம். பொந்தைச் சீமெந்தால் அடைக்கவும் வேண்டாம். காற்றில் மரம் அசையும், சீமெந்து அசையாது. இடையில் ஈரம் தங்கி உக்கல் விரைவாகும். தேங்கிய நீரை வடிக்கத் துளை போடுவதும் தவறு. மரம் உள்ளே தானே எழுப்பிய தடுப்பை அந்தத் துளை உடைத்துவிடும்.

தலையை ஒட்ட வெட்டுவதுதான் மிக மோசமானது. சூறாவளிக்குப் பயந்து செய்கிறார்கள். அடுத்த வருடம் அங்கே செழிப்பாகக் கிளம்பும் தளிர்கள் பட்டைக்கு அடியில் மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும். பருத்தபின் காற்றில் முதலில் முறிவது அவையே.

கிளையில் ஒட்டி வளரும் ஒட்டுண்ணிச் செடியான குருவிச்சை சிறுகிளையில் இருந்தால், ஒட்டிய இடத்துக்கு ஓர் அடி உள்ளே கிளையோடு எடுங்கள். பெருங்கிளையில் இருந்தால் குருவிச்சையை மட்டும், அது பழுக்குமுன், வருடாவருடம் வெட்டுங்கள். கவட்டில் முளைக்கும் ஆல், அரசு கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

மாம்பால் தோலைப் பொசுக்கும். நீளக்கைச் சட்டை போடுங்கள். முசுறுக் கூடும் குளவிக் கூடும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தலைக்கு மேலான வேலை கயிறு தெரிந்த ஆளுக்கு உரியது. மின்கம்பிக்கு அருகிலென்றால் மின்சார சபைக்கு அறிவித்த பிறகுதான்.

வெட்டி விழுத்தத்தான் வேண்டுமென்றால்

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்த வளவிலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் மரம் வீழ்த்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் அது. முதலில் கிராம உத்தியோகத்தரைப் பாருங்கள். விண்ணப்பம் பிரதேச செயலகத்துக்குப் போகும். ஆபத்தான மரமென்றால் சாய்வின் படங்களையும் கொப்பிக் குறிப்பையும் கொண்டு போங்கள்.

தென்னை

தென்னந்தண்டில் பட்ட காயம் ஒருபோதும் மூடாது. ஏறுவதற்குக் கொத்தும் படி ஒவ்வொன்றும் நிரந்தரத் துளை. செவ்வண்டு முட்டையிடுவது இப்படிப்பட்ட காயங்களில்தான். தண்டில் மென்ற நார் வெளித்தள்ளியிருந்தாலோ, கபில நீர் வடிந்தாலோ, காதை வைத்தால் கறகறவென்று கேட்டாலோ உள்ளே புழு இருக்கிறது. குருத்து அழுகிவிட்டால் மரம் மீளாது. புழுவுள்ள தண்டைத் துண்டாக்கி எரித்துவிடுங்கள், வளவில் போட்டு வைத்தால் அடுத்த மரத்துக்குப் போகும். பச்சை ஓலையை அழகுக்காகக் கழிக்காதீர்கள். வீட்டுக்கு மேல் சாய்ந்த தென்னையில் முற்றிய குலைகளையும் காய்ந்த மட்டைகளையும் ஒக்ரோபர் முடியுமுன் இறக்கி விடுங்கள்.