மறுசேர்க்கை கேட்டுப் போகிறீர்களா? கோப்பு எழுதியவள் சொல்கிறேன்

ஓய்வு பெறும்வரை நீலகிரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். இப்போது கோத்தகிரியில் வீட்டோடு இருக்கிறேன். ஜூன் பிறந்தால் போதும், யாராவது ஒரு அப்பாவோ அம்மாவோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, "மேடம், பையன் காலேஜை விட்டு நின்னுட்டான், திரும்பச் சேர்க்க ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க" என்பார்கள். நான் எழுதிக் கொடுப்பதில்லை. டீ கொடுத்து உட்கார வைத்து, பிள்ளையையே எழுத வைப்பேன். அப்போது சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதிகாரிக்கு இரக்கமே கிடையாது என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பெரும்பாலும் இருக்கும். அவர் பயப்படுவது தணிக்கைக்கு. "இவனுக்கு ஏன் கொடுத்தீர்கள், போன வருடம் அந்தப் பெண்ணுக்கு ஏன் கொடுக்கவில்லை?" என்று யாராவது கேட்டால், எடுத்துக் காட்ட அவர் கோப்பில் காகிதம் இருக்க வேண்டும். அவரை அழ வைப்பது உங்கள் வேலை இல்லை. அவர் தைரியமாகக் கையெழுத்துப் போடும்படி ஒரு கோப்பைத் தயார் செய்து கொடுப்பதுதான் வேலை.

அதற்கு முதலில் உங்கள் சிக்கல் எந்த வகை என்று தெரிய வேண்டும். வருகைக் குறைவா, நடுவில் நின்றதா, படிப்புக்கான கால வரம்பே தாண்டிவிட்டதா? மூன்றுக்கும் விதி வேறு, முடிவு எடுப்பவரும் பெரும்பாலும் வேறு. வருகை 75 சதவீதம் இருந்தால் ஹால் டிக்கெட் வரும். கொஞ்சம் குறைந்தால் காரணம் காட்டி, கட்டணம் கட்டி, முதல்வர் பரிந்துரையோடு தேர்வு எழுதலாம், கண்டோனேஷன் என்பார்கள். இன்னும் குறைந்தால் அந்தப் பருவத் தேர்வு போய்விடும், அடுத்த செமஸ்டருக்கு மட்டும் போகலாம். பாதிக்கும் கீழே என்றால் பல இடங்களில் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். கோடுகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், சேர்ந்த ஆண்டைப் பொறுத்தும் மாறும். அதனால் உங்கள் பேட்ச் சேர்ந்த ஆண்டின் விதிமுறையை வாங்கி, உங்களுக்குப் பொருந்தும் பத்தியை அடிக்கோடிடுங்கள். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு எப்படிக் கிடைத்தது என்ற கதை எந்த மேஜையிலும் எடுபடாது.

கால வரம்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று வருடப் படிப்பை அதற்கு மேல் இரண்டு வருடத்துக்குள் முடிக்கலாம், விதிவிலக்கான காரணம் இருந்தால் இன்னும் ஒரு வருடம் தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. வழிகாட்டியிருக்கிறது. அதையும் தாண்டியவர்களுக்கு அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு என்று அறிவிப்பு வரும். அண்ணா பல்கலைக்கழகம் 2021-ல் இருபது வருடப் பழைய அரியர்காரர்களையும் கூப்பிட்டு எழுத வைத்தது. அப்படி அறிவிப்பு வரும்போது மனுவே வேண்டியதில்லை, பணம் கட்டினால் போதும். வராத காலத்தில் தனி ஆளாக மனுப் போட்டு விதியை வளைக்கச் சொல்வது கஷ்டம்.

இனி ஆதாரம். மலையில் இருப்பவர்களுக்கு ஆதாரம் நிறைய இருக்கும். அதை ஆதாரமென்று தெரியாமல் வீட்டிலேயே போட்டுவிட்டு வருவார்கள். மஞ்சூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், பி.காம். நான்காம் செமஸ்டர். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் இவன்தான் பிக்-அப் வண்டியில் பச்சைத் தேயிலையை ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்கு ஓடினான். வருகை பாதிக்குக் கீழே விழுந்தது. "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று ஒரே வரி எழுதிக்கொண்டு வந்தான். அந்த வரியை அலுவலகத்தில் தினம் பார்ப்பார்கள், அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. வீட்டில் என்ன காகிதம் இருக்கிறது என்று கேட்டேன். அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தது. இலை போட்ட பில்கள் ஒரு கட்டு இருந்தது, தேதியோடு. இரண்டையும் அவன் வராத நாட்களோடு வைத்துப் பார்த்தால் கதை தானாகவே தெரிந்தது.

நாங்கள் செக்ஷனில் முதலில் பார்ப்பது தேதியைத்தான். மருத்துவச் சான்று மார்ச்சில் தொடங்கி, பிள்ளை ஜனவரியிலிருந்தே வராமல் இருந்தால் அந்த மனு அங்கேயே படுத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய சான்று முகத்தைப் பார்த்தாலே தெரியும்: ஒரே பேனா, ஒரே மடிப்பு, நோயின் பெயர் மட்டும் பெரிதாக. அதைக் கொண்டு போகாதீர்கள். மாட்டினால் மறுசேர்க்கை கேட்கப் போனவர் ஒழுங்கு நடவடிக்கையோடு திரும்ப வேண்டி வரும். சான்றிதழைவிட டிஸ்சார்ஜ் சம்மரி, ஓ.பி. சீட்டு, மருந்துக் கடை பில் இவற்றுக்கு மதிப்பு அதிகம். மனச்சோர்வால் நின்றிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். சிகிச்சையில் இருந்தேன், இப்போது படிக்கத் தகுதியாக இருக்கிறேன் என்று மருத்துவர் இரண்டு வரி கொடுத்தால் போதும். உள்ளே நடந்ததையெல்லாம் மனுவில் கொட்ட வேண்டாம். அந்தக் கோப்பு எத்தனை கை மாறும் என்று எனக்குத் தெரியும்.

மழையைக் காரணம் காட்டுகிறவர்கள் கவனமாக இருங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் நம் மாவட்டத்தில் கலெக்டர் விடுமுறை விடுவது பல நேரம் தாலுகா வாரியாக, சில நாள் பள்ளிகளுக்கு மட்டும். குந்தா தாலுகாவில் மரம் விழுந்து பஸ் வராத நாளில் ஊட்டிக் கல்லூரி வழக்கம்போல நடந்திருக்கும். கோயம்புத்தூரில் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாது. அந்த நாளின் விடுமுறை அறிவிப்பு, பத்திரிகைச் செய்தி, கிராம நிர்வாக அலுவலரின் கடிதம், இவற்றில் ஏதாவது ஒன்றை இணைத்து, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வர வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். பந்தலூர்ப் பக்கம் யானை நடமாட்டத்தால் காலை பஸ்ஸைப் பிடிக்க முடியாதவர்களுக்கும் இதே வழிதான்.

மனு ஒரு பக்கம் போதும். அந்தப் பையன் கடைசியில் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"பொருள்: பி.காம். நான்காம் பருவம் – வருகைக் குறைவால் இடைநின்றது – அதே பருவத்தில் மீண்டும் சேர அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

முதல் மூன்று பருவங்களிலும் எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றுள்ளேன் (இணைப்பு 1). நான்காம் பருவத்தில் என் தந்தை பக்கவாதத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் (இணைப்பு 2). எங்கள் தோட்டத்து இலையை ஃபேக்டரிக்குக் கொண்டு செல்லும் வேலையை நான் செய்ய நேர்ந்தது (இணைப்பு 3). கல்லூரிக்கு அப்போதே எழுத்தில் தெரிவிக்காதது என் பிழை. இப்போது அந்த வேலையை என் சித்தப்பா ஏற்றுள்ளார் (இணைப்பு 4). ஊட்டியில் விடுதியில் தங்கிப் படிக்க விண்ணப்பித்துள்ளேன் (இணைப்பு 5). வரும் இரட்டைப்படைப் பருவத்தில் சேர அனுமதிக்க வேண்டுகிறேன்."

இதில் நான் வலியச் சேர்க்கச் சொன்னது நான்காவது, ஐந்தாவது இணைப்புகளை. ஏன் நின்றான் என்பதை எல்லாரும் எழுதுவார்கள். இனி எப்படி வருவான் என்பதை யாரும் எழுதுவதில்லை. அதிகாரியின் மனதில் இருக்கும் கேள்வியோ அதுதான். மஞ்சூரிலிருந்து ஊட்டி முப்பது கிலோமீட்டருக்கு மேல். அப்பா இன்னும் படுக்கையில். நாளைக்கு இலை எடுப்பு உச்சத்துக்கு வந்தால் திரும்ப வண்டியில் ஏறிவிட மாட்டானா? சித்தப்பாவின் கடிதம் அதற்குப் பதில். கல்யாணமாகிக் குழந்தை பிறந்து திரும்ப வரும் பெண்களுக்கும் இதையே சொல்வேன்: குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு வரி எழுதி, மாமியாரிடம் கையெழுத்து வாங்கிப் போங்கள். அந்தக் கேள்வியை அதிகாரிகள் கேட்பது நியாயமா என்றால், இல்லை. ஆனாலும் கேட்பார்கள்.

மனுவில் ஆசிரியர் யாரையும் குறை சொல்லாதீர்கள். உண்மையாகவே இருந்தாலும் அதற்கு வேறு மனு, வேறு இடம். பரிந்துரைக்க வேண்டிய துறைத்தலைவர் அதே வராந்தாவில்தான் இருக்கிறார்.

காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரட்டைப்படை செமஸ்டரில் நின்றவன் ஜூனில் வந்து அழுதாலும் அந்த செமஸ்டர் திறப்பது டிசம்பர் வாக்கில்தான். கோப்பு நகர நாள் பிடிக்கும் என்பதால் அக்டோபருக்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும். நம் ஊரில் அக்டோபர், நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் சரிந்த மண்ணைப் பார்த்தவர்கள் மலைப்பாதையை நம்பிக் கடைசித் தேதி வரை காத்திருக்க மாட்டார்கள்.

பலர் கோட்டை விடும் இடம் இன்னொன்று, பாடத்திட்டம். நீங்கள் நின்ற பிறகு பாடத்திட்டம் மாறியிருந்தால், சேரப் போகும் பேட்சின் தாள்களும் நீங்கள் எழுதிய தாள்களும் பொருந்தாது. எது எதற்குச் சமம், எந்தத் தாளைக் கூடுதலாக எழுத வேண்டும் என்று துறைத்தலைவரிடம் ஒரு பட்டியல் வாங்கி இணைத்துவிட்டால், மேலே போய்க் "குறை உள்ளது" என்று கோப்பு திரும்பி வராது. காலியிடம் இருக்கிறதா என்பதையும் அவரிடமே குறிப்பிடச் சொல்லுங்கள்.

மனு எப்போதும் "முதல்வர் வழியாக" போகட்டும். நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் "உரிய வழியில் அனுப்புக" என்று திரும்ப மலை ஏறி வரும். எம்.எல்.ஏ. கடிதம் வேண்டுமா என்று கேட்பார்கள். முதலிலேயே வேண்டாம். காகிதம் சரியாக இல்லை என்பதால்தான் சிபாரிசு கொண்டு வருகிறான் என்று செக்ஷனில் எடுத்துக்கொள்வார்கள்.

முதல்வர் பரிந்துரைத்து அனுப்பிவிட்டார், அப்புறம் ஒரு முறை நேரில் போய்ப் பார்க்கலாம். பாரதியார் பல்கலைக்கழகம் என்றால் கோயம்புத்தூரில் மருதமலை ரோடு. காலை முதல் பஸ்ஸில் இறங்கினால் பத்து, பதினொன்றுக்குப் போய்ச் சேரலாம். மேட்டுப்பாளையத்திலேயே ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். வியர்த்து விறுவிறுத்து நிற்கும் மலைக்காரரைப் பார்த்தாலே ஏதோ அவசரம் என்று நினைப்பார்கள். மருதமலை முருகனை மனு வேலை முடிந்த பிறகு பாருங்கள், அவர் எங்கும் போக மாட்டார். ரிசல்ட் வரும் வாரத்திலும் ஹால் டிக்கெட் கொடுக்கும் வாரத்திலும் போகாதீர்கள்.

முதலில் போக வேண்டியது பதிவாளர் அறைக்கு இல்லை, கோப்பு இருக்கும் செக்ஷனுக்கு. கல்லூரி அனுப்பிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் சொல்லி, எந்த உதவியாளரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கோப்பில் நோட், அதாவது குறிப்பு, போடுகிறவர் அவர்தான்; மேலே இருப்பவர்கள் பெரும்பாலும் அந்த நோட்டைப் படித்துத்தான் முடிவு செய்கிறார்கள். "சார், இதில் ஏதாவது காகிதம் குறையுதா?" என்று கேட்டால் பதில் சொல்வார். "எப்ப சார் முடியும்?" என்று தொடங்கினால் "வரும் போங்க" என்பார்.

அதிகாரியின் அறைக்குக் கூப்பிட்டால் பிள்ளைதான் பேச வேண்டும். அப்பா பேசத் தொடங்கினால் படிக்கப் போவது யார் என்ற சந்தேகம் வந்துவிடும். காலில் விழ வேண்டாம், அவருக்கும் சங்கடம். "சார், நாலாவது செமஸ்டர் திரும்பப் படிக்க அனுமதி கேட்டிருக்கேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாம நின்னேன். இப்ப ஹாஸ்டல்ல தங்கப் போறேன், வேலையைச் சித்தப்பா பாத்துக்கறார்." இவ்வளவுதான். "ஏன் அப்பவே சொல்லலை?" என்று அதட்டுவார். "தப்புதான் சார், எழுதிக் கொடுத்திருக்கணும்" என்று சொல்லி நிறுத்துங்கள். அங்கே விளக்கம் நீண்டால் வாதமாகிவிடும்.

மறுத்துவிட்டால்? எழுத்தில் கேளுங்கள், எந்த விதியின் கீழ் என்று சேர்த்துக் கேளுங்கள். வாயால் சொன்ன மறுப்பை வைத்து மேலே போக முடியாது. எழுதித் தரவில்லை என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவின் நிலை, அதன் மேல் எழுதிய குறிப்பு, பொருந்தும் விதி மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அதன் பிறகு துணைவேந்தருக்கு மேல்முறையீடு. யு.ஜி.சி.யின் 2023 விதிமுறைப்படி மாணவர் குறைதீர்க் குழுவும், அதற்கு மேல் ஒம்புட்ஸ்பர்சன் என்ற குறைகேள் அதிகாரியும் உண்டு. நீதிமன்றம் கடைசி, செலவும் காலமும் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்வது சிலருக்கு அதைவிட வேகமான வழி.

அனுமதி வந்தால் ஆணையை முழுவதும் படியுங்கள். எந்தத் தேதிக்குள் கட்டணம், எந்தப் பருவம், என்ன நிபந்தனை எல்லாம் அதில்தான் இருக்கும்; தேதி தாண்டினால் ஆணை செல்லாது. நான்கு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றைக் கல்லூரி அலுவலகத்திலும் ஒன்றை விடுதியிலும் கொடுங்கள். உதவித்தொகை வாங்கியவர்கள் அது தொடருமா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். அப்புறம் வகுப்புக்குப் போன முதல் வாரத்தில் வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆணை கையில் இருந்தும் பெயர் ஏறாமல், ஒரு மாதம் ஒழுங்காக வந்த பிள்ளைக்கு வருகை பூஜ்யம் என்று கணக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.