வாடகை வீட்டை வங்கி ஜப்தி செய்தால்: குடியிருப்பவர் செய்ய வேண்டியது

வாசல் கதவில் சுவாதீன அறிவிப்பு (வீட்டைத் தன் வசம் எடுத்துக்கொண்டதாக வங்கி ஒட்டும் நோட்டீஸ்) ஒட்டியிருக்கிறது என்பதற்காக அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டாம். அடமானச் சொத்தை விற்றுக் கடனை வசூலிக்க வங்கிக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி முதலில் நடப்பது பெரும்பாலும் காகிதத்தளவிலான சுவாதீனம்தான். நீங்கள் தானாக வெளியேறாவிட்டால், வங்கி 14-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நடுவரிடமோ (மாஜிஸ்திரேட்) உத்தரவு வாங்க வேண்டும். அதற்குள் கிடைக்கும் அவகாசத்தைப் பயன்படுத்த வேண்டும்.

அறிவிப்பைப் படம் எடுங்கள். கடனைக் கட்டச் சொல்லி வீட்டுக்காரருக்கு 60 நாள் கெடு கொடுத்து வங்கி அனுப்பிய 13(2) நோட்டீஸின் தேதி அதில் இருக்கும். அடுத்து, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, வீடு எப்போது அடமானம் வைக்கப்பட்டது என்று பாருங்கள். இந்த இரண்டு தேதிகளோடு உங்கள் வாடகை ஒப்பந்தத் தேதியையும் வரிசைப்படுத்துங்கள். வழக்கின் தலையெழுத்து இந்த வரிசையில்தான் இருக்கிறது.

அடமானத்துக்கு முன்பே பதிவு செய்த ஒப்பந்தம் என்றால் நீங்கள் பலமான இடத்தில் இருக்கிறீர்கள். அதன் காலம் முடியும்வரை வங்கியும் அதற்குக் கட்டுப்பட்டதே. அடமானத்துக்குப் பின், நோட்டீஸுக்கு முன் குடிவந்திருந்தால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவைத் தாண்ட வேண்டும்: காலம் 3 ஆண்டுக்கு மேல் கூடாது, முன்கூட்டிய வாடகை கூடாது, அடமானப் பத்திரமும் அதைத் தடுத்திருக்கக் கூடாது. நோட்டீஸுக்குப் பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதமில்லாமல் போட்ட ஒப்பந்தம் செல்லாது.

பதிவில்லாத அல்லது வாய்மொழி ஒப்பந்தக்காரர்களுக்கு 2019-இல் உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்தது: ஓராண்டுக்கு மேல் குடியிருக்க உரிமை கோர முடியாது. தமிழ்நாட்டில் பலர் சறுக்கும் இடம் இன்னொன்று உண்டு. 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவெண் வாங்குவதும், ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைச் சார்பதிவாளரிடம் பதிவதும் ஒன்றல்ல. ஒன்று இருப்பதால் மற்றதைத் தவிர்க்க முடியாது.

உரிமை இருப்பதாகத் தெரிந்தால் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் சர்ஃபேசி சட்டத்தின் 17-ஆம் பிரிவின்கீழ் 45 நாளுக்குள் மனு போட வேண்டும். குடியிருப்போர் கோரிக்கையை விசாரிக்கவே 17(4ஏ) உட்பிரிவு இருக்கிறது. சிவில் கோர்ட்டுக்குப் போய் நாளை வீணாக்காதீர்கள். அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஒப்பந்தம், வாடகை போன வங்கிக் கணக்கு விவரம், மின்கட்டண ரசீது, அந்த முகவரியில் உள்ள கேஸ் இணைப்பு ஆகியவற்றை இணையுங்கள். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காத வாடகையை நிரூபிப்பது கடினம். மனு போட்டதாலேயே வங்கி நின்றுவிடாது. இடைக்காலத் தடையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வீட்டைக் கைப்பற்ற நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் ஆணையர் போலீஸுடன் வந்து நின்றபின் வாசலில் வாதாடிப் பயனில்லை.

வாடகையை நிறுத்தாதீர்கள். பாக்கி விழுந்தால் அதுவே உங்களுக்கு எதிரான காரணமாகிவிடும். வாடகையைத் தன்னிடம் கட்டச் சொல்லி வங்கி எழுதினால், அந்தக் கடிதத்தின் நகலை வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டு வங்கியில் கட்டி ரசீது வாங்குங்கள். அட்வான்ஸைக் கழித்துக்கொள்வதானால் வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை. வெறும் போன் பேச்சு போதாது.

போக்கியத்துக்கு இருப்பவர்கள் நிலைதான் மிகவும் மோசம். மொத்தமாகக் கொடுத்த லட்சங்கள் வீட்டுக்காரர் கையில். வங்கிக்கு அதில் பொறுப்பில்லை. போக்கியப் பத்திரம் பதிவாகியிருந்தாலும் வங்கியின் அடமானம் முந்தியதென்றால் வங்கிக்கே முன்னுரிமை. ஏலத்தில் கடனும் செலவும் போக மிச்சம் வந்தால் அது உரியவர்களுக்குப் போக வேண்டும் என்கிறது சர்ஃபேசி சட்டத்தின் 13(7). ஆகவே ஏலத்துக்கு முன்பே வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் உங்கள் தொகையைத் தெரிவியுங்கள். வீட்டுக்காரர் மீது பண வழக்குப் போட்டு, அந்த மிச்சத்தைத் தீர்ப்புக்கு முன் ஜப்தி செய்யவும் கேளுங்கள். இந்த வழக்கு சிவில் கோர்ட்டில்தான்.

உரிமை பலவீனம் என்று தெரிந்தால், சண்டையைவிட அவகாசம் கேட்பது லாபம். வங்கிக்கும் தகராறில்லாத காலி வீடே வேண்டும். காலி செய்யும் தேதியைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். சாவி கொடுக்கும் நாளில் வீட்டை வீடியோ எடுத்து, மீட்டர் அளவைக் குறித்து, சாவி பெற்றதற்கு அதிகாரியின் கையெழுத்தை வாங்குங்கள்.