காலிப்பரைப் பிரித்துக் கட்டுவது எப்படி: சீல் கிட்டுக்கு முன் குரூவைப் பாருங்கள்

டிராக்கில் ஓடும் காருக்குக் காலிப்பர் (பிரேக் பேடைப் பிஸ்டன்களால் டிஸ்க்கின்மேல் அழுத்தும் பாகம்) வேலை என்று பேச்சு வந்தாலே எல்லோரும் சீல் கிட் எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள். கிட் கிடைத்துவிடும். வேலை கெடுவது சீல் என்ற ரப்பர் வளையம் உட்காரும் குரூவில், அதாவது பள்ளத்தில், ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொடியால்தான். அதனால் இந்தப் பதிவில் பாதி இடம் அந்தக் குரூவுக்கே.

நான் வேலை பார்த்த வண்டி என் மைத்துனரின் போர்ஷே பாக்ஸ்டர், 987 வகை. ஒவ்வொரு காலிப்பரிலும் எதிரெதிராக நான்கு பிஸ்டன். காலிப்பர் ஒரே துண்டாக வார்த்தது, இரண்டாகப் பிரியாது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகச் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய் ஓட்டுவார். சுற்று 2.1 கிலோமீட்டர்தான், பிரேக் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஜூன் பிறந்துவிட்டால் கதை வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்க, வண்டி ஷெட்டிலேயே நிற்கும். டிராக்கின் சூட்டில் பூட் (பிஸ்டனை மூடும் ரப்பர் உறை) கருகி வெடிக்கிறது, வெடிப்பு வழியாக மழைக்கால ஈரம் உள்ளே போகிறது, அலுமினியம் துருப்பிடித்ததுபோல வெள்ளையாகப் பூத்துப்போகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், டிராக் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இதே பிரச்சினைதான்.

பிரிக்கத்தான் வேண்டுமா?

சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை மிதித்து விட்டு, டிஸ்க்கைக் கையால் சுற்றுங்கள். உரசிக்கொண்டே இருந்தாலோ, ஒரு பேட் எதிர்ப்பக்கத்துப் பேடைவிட வேகமாகத் தேய்ந்திருந்தாலோ, ஒரே பேட் ஒரு முனையில் மட்டும் மெலிந்திருந்தாலோ சந்தேகப்படலாம்.

ஆனால் போர்ஷேயின் பிரெம்போ காலிப்பர்களில் பிஸ்டன்மேல் பழிபோடும் முன் ஒன்றைப் பாருங்கள். பேட் நகரும் இடத்தில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள் திருகப்பட்டிருக்கும். அவற்றின் அடியில் அலுமினியம் பூத்தால் தகடு மேலெழும்பிப் பேடை இறுக்கிப் பிடிக்கும். பேட் கையால் இழுத்தால் வர வேண்டும். சுத்தியல் தேவைப்படுகிறது என்றால் குற்றவாளி அந்தத் தகடாகத்தான் இருக்கும். சின்ன ஸ்குரூக்களைப் பொறுமையாகக் கழற்றி, அடியில் இருப்பதைச் சுரண்டி, திரெட் லாக்கர் (ஸ்குரூ தளராமல் பிடிக்கும் பசை) வைத்துத் திரும்பப் பூட்டினால் பல வண்டிகளில் வேலை அதோடு முடிந்துவிடும்.

கருவிகள்

பிரேக் பைப்பின் நட்டுக்கு ஃபிளேர் நட் ஸ்பேனர் வாங்கியே ஆக வேண்டும். சாதா ஸ்பேனர் நட்டின் முனைகளை வழித்துவிடும், அப்புறம் பைப்பையே மாற்ற வேண்டி வரும். போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். பிஸ்டனை உள்ளிருந்து பிடித்து இழுக்கும் பிளையர் எனக்குப் பிடித்த கருவி, விலை அதிகமில்லை. பிஸ்டனின் வெளிப்பக்கத்தை வைஸ் கிரிப்பால் மட்டும் கடிக்காதீர்கள். பல் மருத்துவர் வைத்திருக்கிற மாதிரி வளைந்த கூர்முனைக் குச்சி, பித்தளை பிரஷ், மூங்கில் குச்சி இவையும் வேண்டும்.

கிட் வாங்கக் கார் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட பிஸ்டனை வெர்னியரில் அளந்து விட்டத்தைச் சொல்லிக் கேட்பது நல்லது. நான்கு பிஸ்டன் காலிப்பரில் பெரும்பாலும் இரண்டு அளவு இருக்கும். பேடின் முனை சீக்கிரம் தேயாமலிருக்க, டிஸ்க் சுற்றி உள்ளே நுழையும் பக்கம் சிறியது, வெளியேறும் பக்கம் பெரியது.

பிஸ்டனை வெளியே எடுப்பது

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தியாயிற்று, சக்கரம் கழற்றியாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். பைப்பைக் கழற்றும் முன் பேடை எடுத்துவிட்டு, இடையில் ஒரு மரப்பலகை வைத்து, ஆளை விட்டுப் பிரேக்கை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு இறுகிய பிஸ்டனும் பிரேக் ஆயிலின் அழுத்தத்துக்கு அசையும். முதலில் வருவதைக் கிளாம்ப் போட்டு நிறுத்திவிட்டு, அடம்பிடிப்பதை வர விடுங்கள். நான்கும் சமமாக, விழும் தறுவாய்வரை வந்ததும் நிறுத்துங்கள். ஒன்று முழுசாக வெளியே வந்துவிட்டால் அழுத்தம் போய்விடும், மற்ற மூன்றும் அப்படியே நின்றுவிடும். அப்புறம் பைப்பைக் கழற்றி, மூடி போட்டு, காலிப்பரைப் பெஞ்சுக்குக் கொண்டுவந்து பிஸ்டனைக் கையால் திருகித் திருகி எடுக்கலாம். எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள்.

பஞ்சர் கடை ஏர் குழாயை வைத்து ஊதுகிறவர்கள் உண்டு. வேண்டாம். அந்த அழுத்தத்தில் பிஸ்டன் விரலை நசுக்கும் வேகத்தில் பாயும். காற்றுதான் வழி என்றால் ரெகுலேட்டரில் அழுத்தத்தைக் குறைத்து, இடையில் மரத்துண்டு வைத்து, கையை அந்த இடைவெளிக்குள் விடாமல் செய்யுங்கள்.

குரூவ்

சீல் என்பது சதுர வெட்டுள்ள ரப்பர் வளையம். ஆயில் கசியாமல் தடுப்பது அதன் பாதி வேலைதான். பிஸ்டன் முன்னே போகும்போது சீல் அதைப் பிடித்தபடியே கொஞ்சம் சாய்கிறது. காலை எடுத்ததும் நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கிறது. பிஸ்டனைத் திருப்பி இழுக்க இந்தக் காலிப்பரில் ஸ்பிரிங் எதுவும் கிடையாது, சீல்தான் எல்லாம். அது சாய இடம் வேண்டும் என்றுதான் குரூவின் ஒரு விளிம்பைச் சரிவாக வெட்டியிருக்கிறார்கள்.

இப்போது அந்தக் குரூவுக்குள் அலுமினியம் பூத்துப் படிந்திருக்கிறது என்று வையுங்கள். சீல் உட்கார வேண்டிய ஆழம் குறைகிறது, சீல் பிஸ்டனை நோக்கித் தள்ளப்படுகிறது, சாயவும் இடமில்லை. புது சீல் போட்டாலும் பிஸ்டன் உள்ளே போக மறுக்கும். பாக்ஸ்டரில் என்னைத் திணறடித்தது இதுதான். பிஸ்டன் பளபளப்பாக இருந்தது, சீல் சரியான அளவு, ஆயில் தடவியிருந்தது, இருந்தும் கிளாம்ப் இல்லாமல் நகரவில்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் குரூவின் அடிமூலையில் சுண்ணாம்பு பூசியதுபோல ஒரு வரி தெரிந்தது. விரலால் தடவினால் உலோகம் மாதிரியே இருக்கும், கண்ணுக்கும் நேராகத் தெரியாது.

கூர்குச்சியின் முனையைப் படிவின்மேல் மட்டும் ஓட்டுங்கள், அலுமினியத்தைக் கீறக் கூடாது. அதன்பின் மூங்கில் குச்சி, பித்தளை பிரஷ், பிரேக் கிளீனர், காற்று. திரும்பவும் டார்ச். சுற்றிலும் ஒரே நிறம் தெரியும்வரை விடாதீர்கள். பூட்டின் உதடு உட்காரும் வெளிக் குரூவிலும் இதே வேலை. அங்கேதான் படிவு இன்னும் கெட்டியாக இருக்கும். ஸ்டீல் பிரஷ், டிரில்லில் மாட்டும் சக்கரம், உப்புத்தாள் எதுவும் குரூவுக்குள் போகக் கூடாது. கஞ்சிக்கோட்டில் ஒரு லேத் பட்டறைக்காரரிடம் குரூவை லேசாகக் கடைந்து தர முடியுமா என்று கேட்டதற்கு, "பள்ளத்துல ஒரு நூல் அதிகமாப் போனாலும் பிரேக்கு உங்களதில்லீங்க, நான் தொட மாட்டேன்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

சுத்தமானதற்குச் சோதனை இரண்டு. சீல் இல்லாமல் பிஸ்டனை விட்டால் தன் எடையிலேயே துளைக்குள் இறங்க வேண்டும். சீல் போட்டு ஆயில் தடவியபின் இரண்டு கட்டைவிரல் அழுத்தத்தில் போக வேண்டும். போகவில்லை என்றால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், திரும்ப எடுத்துக் குரூவைப் பாருங்கள்.

பிஸ்டனில் சீல் படும் இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் குழி இருந்தால் புதுசு வாங்குங்கள். அனோடைஸ் செய்த (மின்முறையில் மேல்பூச்சு ஏற்றிய) அலுமினிய பிஸ்டனைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மேல்பூச்சு போய்விடும்.

பூட்டுவது

சீலுக்குப் புதுப் பிரேக் ஆயிலோ, பிரேக்குக்கென்று விற்கும் சிவப்பு ரப்பர் கிரீஸோ மட்டும். சீல் குரூவில் முறுக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். பிஸ்டன் நேராக இறங்க வேண்டும். சாய்ந்தால் வெளியே எடுத்து மறுபடி வையுங்கள். பூட்டின் வெளி உதடு காலிப்பரிலும், உள் உதடு பிஸ்டனில் உள்ள வெட்டிலும் முழுச் சுற்றும் உட்கார வேண்டும். போல்ட்களை மேனுவலில் உள்ள டார்க்கிலேயே இறுக்குங்கள். மாற்றச் சொல்லியிருந்தால் மாற்றுங்கள்.

ஆயில் விஷயத்தில் எனக்குப் பேரமே கிடையாது. பிரேக் ஆயிலில் டாட் 4 என்ற தரத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ்; 3.7 சதவீதம் நீர் கலந்தபின் 155. டாட் 5.1க்கு 260, 180. பந்தய ஆயில்கள் புதிதாக இருக்கும்போது 300ஐத் தாண்டும். ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கொதித்தால் உண்டாகும் ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். எங்கள் பக்கத்து மழைக்காலத்தைத் தாண்டிய ஆயிலோடு டிராக்குக்குப் போகவே கூடாது. திறந்து மீந்த டப்பாவை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைப்பதும் வேண்டாம். சிலிகான் வகையான டாட் 5 வேறு சங்கதி, இவற்றோடு கலக்காதீர்கள்.

ஏர் எடுப்பதை, அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதை, மேனுவல் வரிசைப்படி செய்யுங்கள். அந்தக் காற்றைத் திறந்துவிட ஒவ்வொரு காலிப்பரிலும் இரண்டு நிப்பிள். நான் வெளிப்பக்கத்தை முதலில் திறப்பேன், அப்புறம் உள்பக்கம். பெயின்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

முதல் ஓட்டம் வீட்டு வாசலில், நடை வேகத்தில். பெடல் கெட்டியாக நின்றால் மட்டும் ரோடு. டிராக்குக்குப் போனபின் பேட் பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மெலிந்த பேட் சூட்டை நேராகப் பிஸ்டனுக்கும் சீலுக்கும் கடத்தும். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட்டு வாருங்கள், நிறுத்தியதும் கைப்பிரேக் போடாதீர்கள்.

பின்சேர்க்கை

எவ்வளவு ஏர் எடுத்தும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொன்னேன். நிப்பிள்கள் கீழே பார்த்துக்கொண்டிருந்தன. வலது காலிப்பர் இடதிலும் இடது வலதிலும் மாறியிருந்தன. காற்று மேலேதான் தங்கும், நிப்பிள் எப்போதும் மேலே இருக்க வேண்டும். கழற்றும்போதே ஒரு பக்கத்துக்குச் சின்ன டேப் ஒட்டிவிடுங்கள்.

இன்னொருவர் காலிப்பரை டீசலில் கழுவியிருக்கிறார். புது சீல்கள் உப்பிவிட்டன. டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல், இன்ஜின் ஆயில், சாதா கிரீஸ் எதுவும் பிரேக் ரப்பரைத் தொடக் கூடாது. காலிப்பர் அளவில் நின்றிருந்தால் நன்றாகக் கழுவிக் காயவைத்து இன்னொரு கிட் போட்டால் போதும். அந்தக் காலிப்பரை மாட்டி ஆயில் ஊற்றிப் பெடலையும் அடித்துவிட்டீர்கள் என்றால் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் தள்ளும் சிலிண்டர்) சீல், ஹோஸ் உட்பட ஆயில் பட்ட ரப்பர் அத்தனையையும் மாற்றியாக வேண்டும்.