சாஃப்ட்னரில் உப்பு குறையவே இல்லையா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் போர்வெல் தண்ணீர். சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) ஓடியும் குழாயெல்லாம் வெள்ளைப் படிவு, சோப்பு நுரைக்கவில்லை. டிடிஎஸ் (நீரில் கரைந்தவற்றின் மொத்த அளவு) மீட்டரை விட்டுப் பார்த்த பிளம்பர், "முன்னாடியும் பின்னாடியும் ஒரே அளவு சார், ரெசின் போச்சு" என்றார். அந்தக் கணக்கு செல்லாது. சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகள், கடினத்தன்மை தரும் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும்; டிடிஎஸ் குறையாது. கடினத்தன்மைக்குச் சொட்டுச் சோதனை கிட்தான். ரெசினை உப்புநீரால் புதுப்பிக்கும் சுற்றின் (ரீஜெனரேஷன்) டைமரை மாற்றியும் பலனில்லை.

துப்பு உப்புத் தொட்டியில் இருந்தது: மட்டம் இறங்கவே இல்லை. மேலே உப்பு பாலம்போல் இறுகி, அடியில் வெற்றிடம். ரெசினுக்குச் செறிந்த உப்புநீர் போகவில்லை. துடைப்பக் கட்டையால் நடுவில் மெல்லக் குத்தி உடைத்தேன் (ஓரத்தில் குத்தினால் தொட்டி விரிசல் விடும்). சில மணி நேரம் கரையவிட்டு, மேனுவலாக ரீஜெனரேஷன் ஓட்டியதும் நுரை வந்துவிட்டது. இப்போது தூள் உப்பு கிடையாது. மாத்திரை உப்பு, அதுவும் பாதித் தொட்டிதான்.