பட்டாளத்தில் எக்ஸ்ரே எடுத்தவர் வெளியே வேலைக்கு வருவது எப்படி?

ராணுவ மருத்துவப் படையில் ரேடியோகிராஃபராக இருந்து, பென்ஷனில் வரப்போகும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் வந்த புதிதில் ஒரு ஸ்கேன் சென்டரில் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிளாஸ் ஒன்னுன்னா முதல் வகுப்புல பாஸா?" என்று கேட்டார்கள். கிளாஸ் ஒன் என்பது பட்டாளத்தில் தொழில் தேர்ச்சியின் தரம் என்று அவர்களுக்குத் தெரியாது. பதினேழு வருட வேலை அந்தக் கேள்வியில் நின்றுபோனது. உங்கள் கைக்குத் தெரிந்தது காகிதத்திலும் இருக்க வேண்டும்.

முதல் படி, யூனிட்டில் இருக்கும்போதே காகிதம் சேர்ப்பது. படிப்பு எத்தனை மாதம், என்னென்ன பாடம், செய்முறை எத்தனை மணி நேரம் என்று பயிற்சி மையத்திலிருந்து எழுத்தில் வாங்குங்கள். போர்ட்டபிள், சி-ஆர்ம், சி.டி. என எந்த மெஷினில் எத்தனை வருடம் நின்றீர்கள் என்பதற்குத் தனி அனுபவச் சான்று வேண்டும். டிஸ்சார்ஜ் புக் மட்டும் போதாது. ஊருக்கு வந்தபின் கடிதம் போட்டு வாங்குவது பெரும் அலைச்சல்.

இரண்டாவது, நம்மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் கணக்கு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் (ஏ.இ.ஆர்.பி.) விதிப்படி நாம் வாங்கும் கதிர்வீச்சு 5 ஆண்டுகளில் 100 மில்லிசீவெர்ட்டைத் தாண்டக்கூடாது, எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. இதுவரை வாங்கிய அளவு கையில் இருந்தால்தான் புதிய இடத்தில் தொடர்ந்து கணக்கிட முடியும். பேட்ஜ் தராமல் "அப்புறம் பார்க்கலாம்" என்கிற இடத்தில் மெஷினைத் தொடாதீர்கள். பேட்ஜை நெஞ்சருகே, ஈய ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும்.

அப்புறம் விண்ணப்பம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உடனே பதிவு செய்யுங்கள். முதலில் தட்ட வேண்டிய கதவு, முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். நடத்தும் பாலிகிளினிக் என்பேன். ஒப்பந்த வேலைதான், ஆனால் நம் கிளாஸ் ஒன் கோர்ஸ் என்னவென்று அங்கே விளக்க வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரி வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்பில் கல்வித் தகுதி வரியைச் சொல் சொல்லாகப் படியுங்கள். நம் கோர்ஸ் பெயர் அதில் இல்லையென்றால் பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். 2021-ல் வந்த மத்தியச் சட்டம் நம் தொழிலையும் பதிவுக்குள் கொண்டுவருகிறது. மாநிலக் கவுன்சில் பதிவையும் விசாரித்து வையுங்கள்.

கடைசியாக, எக்ஸ்ரே ரூமுக்குள் பேசும் முறை. பெண்கள் வந்தால், "நாள் தள்ளிப்போயிருக்காம்மா?" என்று தணிந்த குரலில் கேட்காமல் ஸ்விட்சை அழுத்தக்கூடாது. ஜவானிடம் இந்தியில் "சாஸ் ரோக்கோ" (மூச்சைப் பிடி) என்றால் சிலைபோல நிற்பான். எழுபது வயதுப் பாட்டியை அப்படி அதட்டினால் பயந்து இருமிவிடுவார். "பாட்டி, நல்லா மூச்சை இழுங்க… அப்படியே பிடிச்சுக்கோங்க… சரி, விட்டுடுங்க" என்று பக்கத்தில் நின்று ஒருமுறை செய்து காட்டிவிட்டுத் தடுப்புக்குப் பின்னே போங்கள். படம் கலங்காமல் வரும்.