எஸ்டிபி ரிப்போர்ட்டில் சிஓடி இறங்கவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

அடுக்குமாடிக் குடியிருப்பின் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ரிப்போர்ட்டில் பிஓடி 8, சிஓடி 50 என்று இருக்கும். நீரிலுள்ள கழிவை பாக்டீரியா சிதைக்கச் செலவாகும் ஆக்சிஜன் பிஓடி; ரசாயனத்தால் சிதைக்கச் செலவாகும் ஆக்சிஜன் சிஓடி. இரண்டும் லிட்டருக்கு மில்லிகிராமில். "மீதி 42 என்ன? கழிவு சரியாகச் சுத்தமாகவில்லையா?" என்று அசோசியேஷன் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். ஆபரேட்டர் டேங்குக்குக் காற்று ஊதும் புளோயரைக் கூட்டி வைப்பார். எண் அசையாது.

அந்த மீதியை நம் வீட்டுக் கழிவின் மிச்சம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஒழுங்காக ஓடும் ஆலையிலிருந்து வெளியேறும் நீரில் கரைந்திருப்பது பெரும்பாலும் பாக்டீரியாக்களே உண்டாக்கியது. கழிவைத் தின்னும்போது சிந்துவது ஒரு பங்கு, செத்துச் சிதையும்போது கரைந்து வருவது இன்னொரு பங்கு. புரதம், பாலிசாக்கரைடு என்று பலதும் இதில் உண்டு. பல மெதுவாகத்தான் சிதையும். நம் ஊரில் பிஓடி பரிசோதனை 27 டிகிரியில் 3 நாள்; அதற்குள் சிதையாதது கணக்கில் வராது. சிஓடியில் டைகுரோமேட் என்ற ரசாயனத்தையும் அமிலத்தையும் சேர்த்துக் கொதிக்க வைப்பதால் அதுவும் சேர்ந்து வந்துவிடுகிறது.

ஆகவே காற்றைக் கூட்டிப் பயனில்லை. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நின்றால் போதும். அதற்காகக் கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி முழுக்க புளோயரை நிறுத்துவது இன்னும் மோசம். உள்ளே இருக்கும் ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும். பாக்டீரியாத் திரள்கள் உடையும், காலையில் தண்ணீர் கலங்கும், நாறும்.

நான் அதிகம் பார்ப்பது ஸ்லட்ஜை (டேங்கில் சேரும் பாக்டீரியாச் சேற்றை) வெளியேற்றாமல் விடுவது. லாரிக்குக் காசு யார் தருவது என்ற பேச்சிலேயே மாதங்கள் போய்விடும். ஸ்லட்ஜ் கிழடாகக் கிழடாக, செத்துக் கரையும் பங்கு கூடும். காற்று ஊதும் ஏரேஷன் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் ஜாடியில் எடுத்து 30 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். வேகமாகப் படிந்தும் மேலே பொடிப் பொடியாக மிதந்தால் ஸ்லட்ஜ் கிழடு. படியவே இல்லையா? பாதிக்குப் பாதி சுத்திகரித்த நீரைக் கலந்து மறுபடி வையுங்கள். அப்போது நன்றாகப் படிந்தால் ஸ்லட்ஜ் அதிகம், வெளியேற்றுங்கள். அப்போதும் படியாவிட்டால் இழை இழையாக வளரும் பாக்டீரியாவோ, பாக்டீரியாக்கள் சுரக்கும் பசையின் கொழகொழப்போ காரணமாக இருக்கலாம்.

அதற்காகக் கொழகொழப்பே ஆகாது என்று பிளீச்சிங் பவுடரை டேங்கில் கொட்டிவிடாதீர்கள். பாக்டீரியாக்களைத் திரளாக ஒட்டி வைப்பதே அந்தப் பசைதான். அளவு மீறினால் தான் தொல்லை. நைட்ரஜனோ பாஸ்பரஸோ குறைந்த தொழிற்சாலைக் கழிவில் அப்படி மீறும். பிஓடி 100 என்றால் நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்பது பழைய கணக்கு. அங்கே யூரியா, டிஏபி உதவும். வீட்டுக் கழிவில் பொதுவாக இந்தப் பற்றாக்குறை வராது. பாக்கெட்டில் விற்கும் பாக்டீரியா 'கல்ச்சர்' பவுடர்? ஓடிக்கொண்டிருக்கும் டேங்கில் பாக்டீரியாவுக்கா பஞ்சம்!

கடைசியாக, சிஓடி குறையட்டும் என்று குளோரினை அள்ளி விடுவது. கரிமப் பொருளோடு குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்ற டிரைஹாலோமீத்தேன்கள் உருவாகும். 1974-இலேயே நெதர்லாந்தில் குடிநீரில் இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். மணல் வடிகட்டி, கார்பன் வடிகட்டி எல்லாம் தாண்டிய பிறகு, கிருமி நீக்கத்துக்கு வேண்டிய அளவு மட்டும் குளோரின் விடுங்கள். அப்புறம், அந்தக் கார்பனைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.