பெயர் எங்கே நிற்கிறது? எவன்–அவன் தொடரையும் உள்தலைத் தொடரையும் பிரித்தறிதல்

‘நிற்கிற பெண்’ என்ற பெயரெச்சத் தொடரில் விவரிக்கப்படும் பெயர் எச்சத்துக்கு வெளியே, பின்னால் இருக்கிறது. ‘எந்தப் பெண் நிற்கிறாளோ அவள்தான் உயரம்’ என்பதில் பெயர் முன்தொடருக்குள் போய்விடுகிறது. அடுத்த தொடரில் ‘அவள்’ அதைப் பிடித்துக்கொள்கிறது. இப்படி ‘எந்த/எவன்/யார்’ முன்னும் ‘அவன்/அவள்/அது’ பின்னுமாக இணைவதே எவன்–அவன் தொடர். வினையும் எச்சமாகாமல், பால் காட்டும் விகுதியோடு முற்றாகவே நின்று ‘ஓ’ ஏற்கிறது. இந்தியில் இது அன்றாட வழக்கு: ‘ஜோ லட்கீ கடீ ஹை, வோ லம்பீ ஹை’ (‘ஜோ’ என்பது ‘எந்த’, ‘வோ’ என்பது ‘அவள்’).

எவன்–அவன் தொடர்தானா என்று உறுதி செய்ய, ஒரே தொடரில் இரண்டு பெயர்களைப் போட்டுப் பாருங்கள்: ‘யார் எதைக் கேட்டார்களோ அவர்களுக்கு அதைக் கொடு.’ பெயரெச்சம் ஒரு பெயரைத்தான் தாங்கும். இதைச் சொல்லப் பெயரெச்சத்தால் முடியாது. இதைவிட நம்பகமான சோதனை இல்லை. ‘யார் வந்தாலும் நான் போகமாட்டேன்’ என்பது இந்த வகையில் சேராது: பின்தொடரில் ‘அவர்’ இல்லாமலே அது நிறைகிறது. ‘யார் வந்தார்களோ நான் போகமாட்டேன்’ நிற்காது.

உள்தலைத் தொடரில் எவன், அவன் எதுவும் இல்லை. விவரிக்கப்படும் பெயர், அதாவது ‘தலை’, துணைத்தொடருக்குள்ளேயே இருந்துவிடும். ஜப்பானியத்தில் ‘ரிங்கோ-கா சரா-நோ உஎ-நி அத்தா-நோ-ஓ தொத்தே’: சொல்லுக்குச் சொல் ‘ஆப்பிள் தட்டின் மேல் இருந்ததை எடுத்து’. எடுக்கப்பட்டது ஆப்பிள்தான். ஆனால் ஆப்பிளை ஒட்டியிருப்பது எழுவாய் உருபான ‘கா’. செயப்படுபொருள் உருபான ‘ஓ’ தொடர் முழுவதன் கடைசியில் இருக்கிறது. பெயர் உள்ளே இருப்பதற்கு இந்த உருபு முரணே சான்று.

பலர் சறுக்குவது முதன்மை வினையைத் தேர்ந்தெடுப்பதில்தான். ‘ஆப்பிள் தட்டில் இருந்ததைப் பார்த்தான்’ தமிழில் இயல்பான வாக்கியம். ஆனால் அவன் பார்த்தது ஆப்பிள் அங்கே இருந்த நிலையை. பார், கேள், அறி போன்ற வினைகள் நிகழ்ச்சியையும் ஏற்பதால், இல்லாத உள்தலைத் தொடர் இருப்பதுபோலத் தோன்றும். எடு, தின், வாங்கு, உடை எனப் பொருளையே கேட்கும் வினைகளை வைத்துச் சோதியுங்கள்.

உருபில்லாத மொழியில் சொல்வரிசையைப் பாருங்கள். வட அமெரிக்கப் பழங்குடி மொழியான லகோட்டாவில் ‘மேரி ஓவிஜா வா காகே கி’ என்றால் ‘மேரி செய்த போர்வை’. ஓவிஜா (போர்வை) எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் நிற்பதால் உள்ளே இருப்பது உறுதி. ‘வா’ என்றால் ‘ஒரு’. தொடரின் கடைசியிலுள்ள ‘கி’ என்றால் ‘அந்த’. உள்ளே ‘வா’ இருந்த இடத்தில் ‘கி’யை வைத்தால் தொடர் கெட்டுவிடும். ஜப்பானியத்தில் இந்தத் தடை இல்லை. ஆகவே ‘ஒரு’, ‘அந்த’ இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு மொழியிலும் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.